வெள்ளைப் படகு, மஞ்சள் படகு

முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். பெயிண்டர் பிரகாசத்துக்கு லாய்ட் சார் தர வேண்டிய பாக்கி அது. சாந்தோமில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற அவருடைய பழைய வீட்டுக்கு உள்ளும் புறமும் அடித்த வகையில், கூலியும் சரக்குமாக முப்பத்திரண்டாயிரத்து நானூற்றைம்பது. வீட்டோரக் கொட்டகையில் கிடந்த ஒரு படகை அழகு பண்ணிக் கொடுத்ததற்கு ஆறாயிரத்து இருநூறு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடித்துக் கொடுத்த வேலை. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனும் வந்து போய்விட்டது, பணம் வரவில்லை.

லாய்ட் சார் ஏமாற்றுகிற ஆள் இல்லை. அதுதான் தொல்லை. ஏமாற்றுகிற ஆளாக இருந்தால் வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். இவரோ கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தன் கையாலேயே டீ போட்டுக் கொடுப்பார். "படகு வித்த அடுத்த நிமிஷம் உன் காசுதான் மேன்" என்பார். டீயும் நன்றாகவே இருக்கும்.

"இன்னிக்கும் டீ குடிச்சிட்டு வந்தியா?" என்று கேட்பாள் பிரகாசத்தின் மனைவி மர்சலின். "அவரு படகு விக்கிறதுக்குள்ள அந்த வூட்டு சுவரு உரிஞ்சி வந்துரும். நீ மறுபடி போய் பெயிண்ட் அடி. மறுபடி டீ குடி."

பிரகாசம் பிரஷ்களைக் கழுவப் போய்விடுவார்.

மந்தைவெளியில் நஸ்ருன்னிசா அக்காவின் பெயிண்ட் கடையில் தன் பேரில் கடன் சொல்லித்தான் லாய்ட் சார் வீட்டுக்குச் சரக்கு எடுத்திருந்தார். "அண்ணே, உங்க மேல எனக்கு நம்பிக்க கீது. சரக்கு குடுக்குறவனுக்கு என் மேல இல்லியே" என்று அந்த அக்கா சொல்லிவிட்டது. பழைய பாக்கி தீராமல் புதிதாக ஒரு டப்பா கிடையாது. திங்கட்கிழமை அடையாறு காந்தி நகரில் ஒரு அடுக்குமாடிக்கு வெளிச்சுவர் வேலை தொடங்க வேண்டும். இரண்டு மாதத்துக்குச் சோறு போடுகிற வேலை. சரக்கோடு வராவிட்டால் வேறு ஆள் ரெடி என்று காண்ட்ராக்டர் சொல்லியாகிவிட்டது. லாய்ட் சார் படகு விற்றால் கடைக் கடன் தீரும், கடைக் கடன் தீர்ந்தால் காந்தி நகர். எல்லாம் அந்தப் படகின் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை காலையில் லாய்ட் சாரிடமிருந்து போன் வந்தது.

"பார்ட்டி ஒண்ணு வருது மேன். பல் டாக்டர். தார்ப்பாய எடுக்கணும், படகத் திருப்பிக் காட்டணும். என் முட்டிதான் உனக்குத் தெரியுமே. ஒரு நட வா."

கூப்பிடாவிட்டாலும் பிரகாசம் போயிருப்பார்.

கொட்டகையில் படகுகள் இரண்டு. படகு என்றதும் நடுவில் குழிந்து, ஆள் இறங்கி உட்காருகிற மாதிரி நினைக்கக் கூடாது. ஆளுயரத்தைப்போல மூன்று பங்கு நீளத்தில், வாழைப்பூ நுனி மாதிரி முன்பக்கம் தூக்கிய ஒல்லியான உடல் இரண்டு. அவை ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது குறுக்கே போன அலுமினியக் குழாய்கள். குழாய்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வலைத்துணி. ஏறுகிறவர் அந்தத் துணியில்தான் உட்கார வேண்டும். மோட்டார் கிடையாது. பாய்மரம், பாய், காற்று, அவ்வளவுதான். லாய்ட் சார் முட்டி நன்றாக இருந்த காலத்தில் கடற்கரையிலிருந்தே இவற்றை இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டக் கற்றுக்கொள்ளவும் ஆட்கள் வந்தார்கள். முட்டி போனது, படகுகளும் கொட்டகை ஏறிவிட்டன.

அதில் ஒன்றுதான் பிரகாசம் பெயிண்ட் அடித்த வெள்ளைப் படகு. தார்ப்பாயை எடுத்ததும் கொட்டகைக்கே வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. கல்யாண மண்டபத்துத் தூணைப்போல மின்னியது. இன்னொன்று பின்னால் சுவரோரம். முன்பு மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். இப்போது பழைய மாத்திரை நிறம். அதன் மேல் குரோட்டன்ஸ் தொட்டிகளை வைத்து, தரை துடைக்கிற துணியையும் காயப் போட்டிருந்தார்கள்.

காரிலிருந்து இறங்கியவர் டாக்டர் சாருலதா. நாற்பதைத் தாண்டிய வயது. காட்டன் பேண்ட், கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கையில் எவர்சில்வர் டிபன் டப்பா. தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பக்கத்தில் கிளினிக், வீடு அபிராமபுரம். கூடவே அவருடைய அப்பா கல்யாணராமன். பேங்கில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வந்ததும் வராததுமாகப் படகை இரண்டு சுற்று சுற்றினார்.

"ஏண்டி சாரு, இதுல உக்கார எடம் எங்கேடி?"

"அந்தத் துணிதான்ப்பா."

"துணியா? ரெண்டு லட்சம் சொல்றார்ன்னு சொன்னியே. நம்மாத்துல இருக்கற கயித்துக் கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் எதையாவது கட்டி விட்டா போறாதா?"

லாய்ட் சார் சிரித்தார். பிரகாசமும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"ஹைதராபாத்ல படிக்கறப்போ ஏரியில பாய் விட்டுண்டு இருந்தேன்" என்றார் டாக்டர் லாய்ட் சாரைப் பார்த்து. "இருபது வருஷம் விட்டுப்போச்சு. வாரத்துல ஆறு நாள் அடுத்தவா வாய்க்குள்ளயே பார்த்துண்டு இருக்கேன் சார். ஒரு நாளாவது தூரமாப் பார்க்கணும்."

அந்தப் பேச்சு பிரகாசத்துக்குப் பிடித்துப் போனது. அவரும் முப்பது வருடமாக முழ தூரத்தில் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டிபன் டப்பாவை டாக்டர் திறந்தார். உள்ளே பல் பார்க்கிற சாமான்கள். நீளக் காம்பில் காசு அளவுக்கு ஒரு கண்ணாடி, மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று, பஞ்சுச் சுருள்கள், நெற்றியில் மாட்டும் சின்ன விளக்கு. பிரகாசத்துக்குச் சிரிப்பு வந்தது. படகுக்குப் பல் பிடுங்க வந்திருக்கிறார்கள் என்று சாயங்காலம் மர்சலினிடம் சொல்ல வேண்டும்.

சிரிப்பு நீடிக்கவில்லை. இரும்புக் கம்பியைத் திருப்பிப் பிடித்து, அதன் காம்பால் டாக்டர் வெள்ளைப் படகைப் பின்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டு வந்தார். பலமாகத் தட்டவில்லை. தூங்குகிற குழந்தையை எழுப்புகிற மாதிரி மெல்ல, விரற்கடைக்கு ஒரு தட்டு. டக், டக், டக். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டபடியே முன்னேறினார். பாய்மரம் நிற்கிற இடத்தைத் தாண்டியதும் சத்தம் மாறியது. பொத். மறுபடியும் தட்டினார், பொத். அடுத்த உடலிலும் அதே இடத்தில் பொத்.

நிமிர்ந்து, அந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார்.

"யார் பண்ணின ஃபினிஷிங் இது?"

"நான்தான் டாக்டர்" என்றார் பிரகாசம்.

"மேடு பள்ளம் ஒண்ணும் தட்டுப்படலையே. நிஜமாத்தான் சொல்றேன், ரொம்ப அழகான கை உங்களுக்கு. எப்படிப் பண்ணினீங்க?"

இத்தனை வருடத்தில் பிரகாசத்திடம் யாரும் இதைக் கேட்டதில்லை. எப்போது முடியும், எவ்வளவு ஆகும், தரையில் சொட்டாமல் அடிப்பாயா, இதுதான் கேட்பார்கள். எப்படிப் பண்ணினாய் என்று படித்த ஒருவர் கண்ணைப் பார்த்துக் கேட்டதும் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பழைய பெயிண்ட்ட உப்புத்தாள் போட்டு தேச்சி எடுத்தேன் டாக்டர். முன்னாடி ரெண்டு எடத்துல கை வச்சா அமுங்கிச்சு, முடி மாதிரி வெடிப்பும் இருந்துச்சு. அத அப்டியே வுட்டு மேல அடிச்சா நிக்காது. அதனால பட்டி மூணு கை பாத்தேன். ஒரு கை காஞ்சப்புறம்தான் அடுத்த கை. அப்புறம் பிரைமரு, அது மேல எனாமல் ரெண்டு கோட்டு."

"என்ன பட்டி?"

"வால் பட்டிதான் டாக்டர், சுவத்துக்குப் பூசற மாவு. நல்ல கம்பெனி சரக்கு. வூட்டுக்குப் போட்டதையேதான் போட்டேன்."

லாய்ட் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

பிரகாசத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்தார். கோபமும் இல்லை, கேலியும் இல்லை. சொத்தைப் பல்லைப் பார்த்துவிட்டு நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற முகம்.

"இங்க வாங்கோ" என்றார். படகின் மேல்பக்கத்தில் தட்டு அளவுக்கு ஒரு மூடி. அதைத் திருகிக் கழற்றி, விளக்கை உள்ளே காட்டி, காம்புக் கண்ணாடியை நுழைத்துத் திருப்பினார். "கண்ணாடியில பாருங்கோ. என்ன தெரியறது?"

பிரகாசம் குனிந்து பார்த்தார். உள்பக்கச் சுவரில் கறுப்பாக ஒரு திட்டு, ஓரமெல்லாம் பழுப்பு. இதை அவர் ஆயிரம் வீட்டில் பார்த்திருக்கிறார்.

"ஓதம் ஏறிகீது டாக்டர்."

"ஆமாம். இந்த உடம்பு ஒரே தகடு இல்ல. வெளித்தோல், உள்தோல், நடுவுல நுரை மாதிரி ஒண்ணு. மூணும் ஒட்டிண்டு இருக்கற வரைக்கும்தான் பலம். இங்க ஒட்டு விட்டுப்போய் தண்ணி புகுந்திருக்கு. அலையில முன்பக்கம் குத்தறப்போ மொத்த பாரமும் இங்கதான் வரும். நடுக்கடல்ல மடங்கிடும்."

வால் பட்டி தண்ணீர் குடிக்கும். அது பிரகாசத்துக்குத் தெரியாததா? மழை படுகிற சுவருக்கு அதைப் போடாதீர்கள் என்று வீட்டுக்காரர்களிடம் அவரே எத்தனை முறை சொல்லியிருக்கிறார். கொட்டகைக்குள் நிழலில், நடுக்கூடத்துச் சாமான் மாதிரி நின்ற படகு. அது தண்ணீரில் போகப் போகிறது என்ற நினைப்பே வேலை செய்த நாலு நாளும் அவருக்கு வரவில்லை. சுவரைப் பார்த்த கண், அதையும் சுவராகத்தான் பார்த்திருந்தது.

"முன்னாடி கொஞ்சம் சாஃப்ட்டுன்னு எனக்குத் தெரியும் டாக்டர்" என்றார் லாய்ட் சார் மெதுவாக. "இவ்ளோ இருக்கும்னு தெரியாது. இவன் மூடிக் குடுத்ததும் நானும் பார்க்காம விட்டுட்டேன்."

"பரவாயில்ல சார்."

"நல்லதாப் போச்சு" என்றார் கல்யாணராமன். அவருக்கு உயிர் வந்துவிட்டது. "பகவான் காப்பாத்தினார். வா, லஸ்ல ஒரு காபி சாப்ட்டுட்டு ஆத்துக்குப் போவோம். போற வழியில உனக்கு நல்ல தூரமா எதையாவது காட்டறேன்."

டாக்டர் சாமான்களைத் துடைத்து டப்பாவில் வைக்க ஆரம்பித்தார். டப்பா மூடினால் காந்தி நகரும் மூடியது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் என்று பிரகாசத்துக்கு ஒரு நினைப்பு வந்தது. சும்மா இருந்திருந்தால் இந்தம்மா இதை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போயிருக்கும். அந்த நினைப்பு பின்னாலேயே வந்து முதல் நினைப்பை அழுத்தியது. ஆனாலும் திங்கட்கிழமை திங்கட்கிழமைதானே. கையில் தார்ப்பாய் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டப்பா மூடி பாதியில் நின்றது.

"அந்தத் தொட்டிக்கெல்லாம் கீழ இருக்கறது என்ன?"

"அதுவா? அது பழசு டாக்டர்" என்றார் லாய்ட் சார். "ஸ்பேர் பார்ட்ஸுக்குன்னு வச்சிருக்கேன். நெறமெல்லாம் போயிடுச்சு."

"நெறத்த வெச்சுண்டு நான் என்ன பண்ணப் போறேன்? தொட்டிய எடுக்கலாமா?"

பிரகாசம் எடுத்தார். அவசரத்தில் ஒரு தொட்டியின் மண் கொஞ்சம் கொட்டியது. டாக்டர் தரை துடைக்கிற துணியைத் தானே எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, பின்பக்கத்திலிருந்து தட்டத் தொடங்கினார். டக், டக், டக். பிரகாசமும் காதைக் கொடுத்துக் கேட்டார். அந்த இடம் வந்தது. பாய்மரத்துக்கு முன்னால், டக். இன்னும் முன்னால், டக். மூக்கு நுனி வரைக்கும் ஒரே குரல். அடுத்த உடலிலும் அப்படியே. டாக்டர் அந்த இடத்தில் இரண்டு கட்டை விரலையும் ஊன்றி, முழு பாரத்தையும் போட்டு அழுத்தினார். துளிகூட அசையவில்லை.

"வெயில் படாம சுவரோரமா இருந்ததே நல்லதாப் போச்சு" என்றார். தூசி அப்பிய முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு.

அதற்கப்புறம் அவர் வேலை பார்த்த விதத்தைப் பிரகாசம் வாய் பிளந்து பார்த்தார். ஒரு வேலைக்காரரின் வேலை இன்னொரு வேலைக்காரருக்குத் தெரியாதா? அவசரமும் இல்லை, பாவனையும் இல்லை. படகைக் கவிழ்க்கச் சொன்னார். மணலில் இழுத்து இழுத்து அடிவிளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலை வைத்து நடந்தார். தேய்ந்துதான் இருந்தது, ஓட்டை விழவில்லை. பிறகு ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கேட்டார். உடலின் வால் பக்கத்தில் தண்ணீர் வடிக்க ஒரு துளை உண்டு. அதில் ரப்பர் குழாயைச் சொருகி வாயால் ஊதிக்கொண்டே, மேலெல்லாம் சோப்புத் தண்ணீர் பூசச் சொன்னார். ஓட்டை இருந்தால் அங்கே நுரை கிளம்பும். பிரகாசம் தன் நாலு அங்குல பிரஷை எடுத்து நீட்ட, அதைக் கல்யாணராமன் வாங்கிக்கொண்டார்.

"பேங்க்ல எனக்குக் கீழ முப்பது பேர் வேல பார்த்தா. இப்போ படகுக்கு சோப்புப் போடறேன்" என்றார். என்றாலும் ஆசையாகத்தான் பூசினார். வாய்க்குள் ஏதோ ராகம் வேறு.

"சாமி, இந்த மூலைய வுட்டுட்டீங்க" என்றார் பிரகாசம்.

"எங்க? ஓ, ஆமாம். கெட்டிக்காரர்யா நீர்."

சுக்கான் மாட்டுகிற திருகுகளைச் சுற்றி மட்டும் கடுகு கடுகாக நுரை எழுந்தது. டாக்டர் ஊதுவதை நிறுத்திவிட்டு, கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே குனிந்து பார்த்தார். "இவ்வளவுதானா? திருகக் கழட்டிப் பசை போட்டு முடுக்கினா சரியாப் போயிடும்."

பாய்மரத்தைத் தரையில் கிடத்தி, ஒரு நுனியில் கண்ணை வைத்து மறுநுனி வரை பார்த்தார். சுவரில் நேர் பார்க்கப் பிரகாசம் செய்வதும் அதேதான். மஞ்சள் படகின் பாய்மரம் லேசாக வளைந்திருந்தது, வெள்ளையினுடையது நேராக இருந்தது. மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பிக் கயிறுகளை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் பஞ்சுச் சுருளை வைத்து நுனிவரை உருவினார். மஞ்சளின் கம்பியில் இரண்டு இடத்தில் பஞ்சு சிக்கி இழுத்தது. இழை அறுந்து முள்ளாக நிற்கிற இடம். வெள்ளையின் கம்பியில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. பாய்த்துணியைக் கசக்கிக் காதருகே பிடித்துக் கேட்டார். புதுத் துணி மொறமொறவென்று சத்தம் போடுமாம். அதிலும் வெள்ளைதான் தேவலை.

டாக்டர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"லாய்ட் சார், மஞ்சளோட உடம்பு, குழாய், சுக்கான். வெள்ளையோட மரம், கம்பி, பாய், வலைத்துணி. ரெண்டையும் சேர்த்து ஒரு படகாக் குடுங்கோ. ஒரு லட்சத்து நாப்பது தரேன். ஆனா தண்ணியில இறக்கி ஓட்டிப் பார்த்துட்டுத்தான் பணம்."

லாய்ட் சார் மஞ்சள் படகின் மூக்கைத் தடவிக்கொடுத்தார். "அது நான் மொத மொதல்ல வாங்கினது டாக்டர்" என்றார். பிறகு, "நாளைக்கு மூணு மணிக்குக் கடக்காத்து நல்லா வரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, பிரகாசம் கடற்கரைக்குப் போனபோது மர்சலினும் கூட வந்தாள். "காசு வரப்போவுதா, மறுபடி டீயான்னு நானே பாக்கறேன்." பலூன் மாதிரி சக்கரம் வைத்த வண்டியில் படகை உருட்டிக்கொண்டு போய் மணலில் வைத்து, லாய்ட் சார் சொல்லச் சொல்ல, மரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். டாக்டர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டார். இன்னொரு சட்டை மிச்சம் இருந்தது.

"ஒரு ஆள் பாரம் கூட வேணும். இல்லேன்னா கவுத்துடும்" என்றார்.

லாய்ட் சார் தன் முட்டியைப் பார்த்தார். கல்யாணராமன் வானத்தைப் பார்த்தார். "எனக்கு பிரஷர் இருக்கு" என்றார். கடைசியில் எல்லோரும் பிரகாசத்தைப் பார்த்தார்கள்.

கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காத ஆள் அவர். ஆனால் இந்தப் படகு ஓடினால்தான் காசு. சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த தேவானை கூவினாள். "இன்னா நைனா, கடலுக்கு வெள்ளையடிக்கப் போறியா? எத்தினி கோட்டு?"

"ஒரு கோட்டுதான். பாக்கி உனுக்கு அடிக்கிறேன், வந்து" என்றார் பிரகாசம். மர்சலின் தலையில் அடித்துக்கொண்டாள்.

குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் அலை உடைகிற இடம் தாண்டும்வரை பிடித்துக்கொண்டு போய்த் தள்ளிவிட்டார்கள். டாக்டர் கயிற்றை இழுத்தார். அதுவரை படபடவென்று அடித்துக்கொண்டிருந்த பாய் சட்டென்று வாயை மூடி உப்பியது. மாம்பலத்தில் மின்சார ரயில் கிளம்பும்போது உடம்பு பின்னால் போகுமே, அந்த மாதிரி ஒரு இழுப்பு. ஆனால் சத்தம் இல்லை. தண்ணீரைக் கிழிக்கிற சீறல் மட்டும்.

பிரகாசம் வலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு மஞ்சள் உடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அலை வரும்போதெல்லாம் அதன் மூக்கு குத்தி, நுரையைக் குடித்து, மேலே வந்தது. நேற்று டாக்டர் கட்டை விரலை ஊன்றிய இடத்தில் தண்ணீர் அறைந்தது. அங்கே என் பட்டி இருந்திருந்தால் என்று நினைத்ததும் வலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"பிரகாசம், வலை மேல தெச்சிருக்கற அந்தப் பட்டைக்குக் கீழ கால நுழைச்சுக்கோங்கோ. கயித்தப் புடிச்சிண்டு பின்னாடி சாயணும். நான் சொல்றப்போ."

காற்று பலத்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்து உடல் தண்ணீரை விட்டு மெல்ல எழும்பியது. ஒரு சாண், ஒரு முழம். அடியிலிருந்து நீர் ஒழுகியது.

"இப்போ சாயுங்கோ."

மூன்றாம் மாடி வெளிச்சுவரில் இடுப்புக் கயிற்றோடு அந்தரத்தில் சாய்ந்தே பிழைத்த உடம்பு அது. யோசிக்காமல் சாய்ந்தது. முதுகுக்குக் கீழே ஒன்றும் இல்லை, கடல்தான் ஓடிக்கொண்டிருந்தது. தூக்கிய உடல் அப்படியே நின்றது, விழவும் இல்லை, மேலே போகவும் இல்லை. இருவரும் ஒரே கோட்டில் சாய்ந்திருக்க, படகு ஒற்றைக் காலில் பறந்தது.

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"கீது டாக்டர். கயித்தப் புடிச்சா மறந்துருது."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் சுக்கான். கண் மட்டும் வெகு தூரத்தில், தண்ணீரும் வானமும் ஒட்டுகிற இடத்தில். இருபது வருடம் விட்டுப்போன வேலையை நேற்று விட்ட மாதிரி அந்தக் கைகள் செய்தன. சுவரும் இல்லை, வாயும் இல்லை. என்ன அழகான மனுஷி என்று பிரகாசம் நினைத்தார். கோயிலில் நல்ல மாதா சுரூபத்தைப் பார்த்து நினைக்கிற மாதிரித்தான். அவரும் அந்தப் பக்கம் பார்த்தார். அத்தனை தூரத்தை அவர் கண் அதற்குமுன் பார்த்ததில்லை.

திரும்பும்போது கரை முழுதும் தெரிந்தது. சாந்தோம் கோபுரம், கலங்கரை விளக்கம், கூட்டமாக வீடுகள். அதில் ஒரு பால் நிற வீடு தனியாகத் தெரிந்தது. லாய்ட் சார் வீடு. "அது என் வேல டாக்டர்" என்று கை காட்டினார்.

"அது நிக்கும்" என்றார் டாக்டர்.

கரைக்கு வந்ததும் டாக்டர் வால் பக்கத்துத் துளைகளைத் திறந்தார். ஒன்றிலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னொன்றிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வடிந்தது, சுக்கான் திருகு வழியாக வந்தது. அவ்வளவுதான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, பேசிய தொகையை லாய்ட் சாருக்கு அனுப்பினார். கல்யாணராமன் படகை ஒரு முறை தட்டிக்கொடுத்தார்.

"இதுக்கு ஒரு நல்ல பெயிண்ட் அடிச்சுடலாமே சாரு. இதோ இவரே இருக்காரே."

"வேணாம் சாமி" என்றார் பிரகாசம் உடனே. "அப்டியே இருக்கட்டும். அடிச்சா உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியாது."

லாய்ட் சார் போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "முப்பத்தெட்டு அறுநூத்தம்பது. சரிதானே மேன்? லேட்டாயிடுச்சு, மனசுல வச்சுக்காத."

"முப்பத்திரண்டாயிரத்து நானூத்தம்பது அனுப்புங்க சார். படகுக்குப் போட்ட ஆறாயிரத்து எரநூறு வேணாம்."

"ஏன்? செய்யச் சொன்னது நான்தானே?"

"செஞ்சது நான் சார். சுவத்துக்குச் செய்யற வேலய செஞ்சிட்டேன். அதுக்குக் கூலி கெடையாது."

லாய்ட் சார் மர்சலினைப் பார்த்தார், நீயாவது சொல் என்கிற மாதிரி. மர்சலின் காசென்றால் லேசில் விடுகிறவள் இல்லை. ஆனால் புருஷன் அந்த ஒற்றைக் காலில் போன படகின் மேல் சாய்ந்திருந்ததை அவள் கரையில் நின்று பார்த்திருந்தாள்.

"அவரு சொன்னா சரிதான் சார்" என்றாள். "மனுஷன் முழுசா திரும்பி வந்ததே போதும்."

பிரகாசத்தின் போன் சத்தம் போட்டது. அங்கேயே நின்று நஸ்ருன்னிசா அக்காவுக்குச் சேர வேண்டியதை அனுப்பிவிட்டு, காலையில் கடை திறந்ததும் சரக்கு எடுக்க வருவதாகச் சொன்னார். மர்சலினை முன்னால் போகச் சொல்லிவிட்டு, லாய்ட் சாரோடு கொட்டகைக்குத் திரும்பினார்.

மரமும் பாயும் போன வெள்ளைப் படகு மொட்டையாக, ஆனாலும் மின்னிக்கொண்டு நின்றது. பார்க்கிற யாருக்கும் வாங்கத் தோன்றும். பிரகாசம் பையிலிருந்து சுரண்டுகிற தகட்டை எடுத்தார். பாய்மரத்துக்கு முன்னால், தன் கை தடவித் தடவி வழவழப்பாக்கிய இடத்தில் அதை வைத்து அழுத்தி இழுத்தார். எனாமல் சுருண்டு வந்தது, அதன் கீழே பட்டி மாவாக உதிர்ந்தது. இரண்டு உடலிலும் வெடிப்பு வெளியே தெரிகிறவரை விடவில்லை.

லாய்ட் சார் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். பிரகாசம் கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்து குடித்தார். லாய்ட் சார் அவருக்குத் தர வேண்டியது இனி ஒன்றும் இல்லை.